அரை மணிக்கு ஒருமுறை நின்றுபோன ஸ்கேனர்: ஒரு மளிகைக்கடையில் நடந்த யுஎஸ்பி கோளாறு

பின்னணி

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் நடுத்தர மளிகைக்கடை அது. கடைக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊரையும் பெயரையும் மட்டும் விட்டுவிட்டேன். நான் அந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கணினி பழுது பார்ப்பவன்.

கடையில் ஒரே ஒரு பில்லிங் மேசை. அதில் ஒரு மினி கணினி இருந்தது. அதன் பின்புறம் நீல நிற யுஎஸ்பி போர்ட் இரண்டு, முன்புறம் கறுப்பு நிறத்தில் இரண்டு. சேரவேண்டிய கருவிகளோ ஆறு: கீபோர்டு, வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எலக்ட்ரானிக் தராசு, பேக்கப்புக்கான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். நாலு ஓட்டைக்கு ஆறு கருவி என்றால் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். ஒரு போர்ட்டை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் ஹப் ஒன்றை, அடாப்டர் இல்லாததை வாங்கி முன்புறப் போர்ட்டில் சொருகி, ஸ்கேனர், தராசு, டிஸ்க் மூன்றையும் அதில் மாட்டிவிட்டார்.

எது எப்போது வந்தது என்பது பின்னால் முக்கியமாகப் போகிறது. ஸ்கேனரும் தராசும் மூன்று வருடமாக ஒழுங்காக ஓடியவை. டிஸ்க்கும் வயர்லெஸ் மவுஸும் ஹப்பும் வந்தது இரண்டு மாதம் முன்புதான். கணக்குப் பார்ப்பவர் பேக்கப் வேண்டும் என்று சொல்ல, பில்லிங் மென்பொருளில் அரை மணிக்கு ஒருமுறை தானாக பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தார்கள்.

நான் போவதற்கு முன்

டிஸ்க் வந்த சில நாளில் ஸ்கேனர் எப்போதாவது நின்றுபோக ஆரம்பித்தது. கழற்றி மாட்டினால் மறுபடி வரும். மூன்று வருடப் பழசு, ஆயுசு முடிந்தது என்று கடைக்காரர் புதிது வாங்கினார். பழையது லேசர் கோடு போடுவது. புதியது படம் பிடித்துப் படிக்கும் வகை, க்யூஆர் கோடும் படிக்கும். புதியது வந்ததும் தொல்லை குறையவில்லை, கூடியது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை நின்றது இப்போது பத்துக்கு மேல்.

அடுத்து ஒருவர் வந்து வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். ஒரு நாள் முழுக்க பில் கையால் எழுதினார்கள். மறுநாள் சாயங்காலம் ஸ்கேனர் மறுபடி நின்றது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள், என் தவறு

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் நன்றாக ஓடியது, வழக்கம்போல. கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், கோளாறைக் காட்டும் மஞ்சள் குறி எதுவும் இல்லை. ஹப்பின் ஒரு போர்ட் லூசாக இருக்கலாம் என்று யூகித்து, இடம் மாற்றிப் பார்த்தேன். கீபோர்டை ஹப்புக்கு அனுப்பி, தராசை அது இருந்த முன்புறப் போர்ட்டில் நேரடியாகச் சொருகினேன். ஸ்கேனர் அடித்துப் பார்த்தேன், வேலை செய்தது. கிளம்பிவிட்டேன்.

ஆறு மணிக்கு போன். ‘அண்ணே, தராசுல எடை காட்டுது, கம்ப்யூட்டர்ல பூஜ்யம்தான் வருது.’ திரும்பிப் போய்ச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை பருப்பும் சர்க்கரையும் வாங்க நின்றவர்களுக்குக் கையால் எடை தட்டச்சு செய்தார்கள்.

நடந்தது இதுதான். அந்தத் தராசு, உள்ளே ஒரு சிறு சிப்பை வைத்துக்கொண்டு தன்னைப் பழைய சீரியல் போர்ட்டாகக் காட்டிக்கொள்ளும் வகை. மலிவான இத்தகைய சிப்புகள் பலவற்றுக்குத் தனி வரிசை எண் கிடையாது. வரிசை எண் இருக்கும் கருவியை எங்கே மாட்டினாலும் விண்டோஸ் ‘நேற்று வந்தவர்தான்’ என்று அடையாளம் காணும். இல்லாத கருவிக்கு அது மாட்டப்பட்ட இடமே அடையாளம். இடம் மாறினால் புது ஆள், புது எண். சீரியல் போர்ட்டுகளுக்கு விண்டோஸ் காம் 1, காம் 2 என்று எண் கொடுக்கும்; காம் 3 ஆக இருந்த தராசு காம் 5 ஆகிவிட்டது. பில்லிங் மென்பொருள் யாரும் இல்லாத காம் 3-ஐயே கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்கேனருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கிறது. எந்த மூலையில் மாட்டினாலும் கீபோர்டு கீபோர்டுதான்.

கிளம்பும் முன் தராசில் ஒரு பொட்டலம் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

பில் தாளின் பின்பக்கம்

பில்லிங் மேசையில் இருந்த பெண்ணிடம், ஸ்கேனர் நிற்கும்போதெல்லாம் நேரத்தை எழுதி வைக்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், வீணான பில் தாள்களின் பின்பக்கத்தில். ‘யாரும் கேக்கலண்ணே, நானா எழுதினேன். டீக்கடை டிவில தலைப்புச் செய்தி போடும்போது சரியா நின்னுபோவுது.’

5.00, 5.30, 6.31, 7.00, 7.01, 8.00. ஒருசில விலகல்கள் தவிர எல்லாம் மணியையோ அரை மணியையோ ஒட்டியே இருந்தன. காலை நேரம் அநேகமாக இல்லை. இரண்டு மாதத்தில் மூன்று பேர் பார்த்துத் தீர்க்காததை அந்தத் தாள் பாதி தீர்த்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை இந்தக் கணினியில் நடப்பது ஒன்றே ஒன்று: பேக்கப்.

மீதிப் பாதி, ஏன் காலையில் நிற்பதில்லை என்பது. அதற்குப் போகும் முன், அந்த ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரே மாதிரி ஓட்டை

யுஎஸ்பிக்கு முன்னால் கீபோர்டுக்கு ஒரு வட்டச் சொருகி, பிரிண்டருக்கு நீளமான ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று. பெரும்பாலும் தப்பான இடத்தில் மாட்ட முடியாது. 1996 ஜனவரியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட யுஎஸ்பி, இந்தக் குழப்பத்தை ஒரே சொருகியில் முடித்தது. பெரிய வசதிதான். ஆனால் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்துகிறது என்பதால், சொருகினால் தாங்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடைக்காரர் எண்ணியது ஓட்டைகளை. எண்ண வேண்டியது மில்லி ஆம்பியரை, அதாவது ஒவ்வொன்றும் இழுக்கும் மின்சாரத்தை.

யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நாலு கம்பி. இரண்டு தகவலுக்கு, இரண்டு மின்சாரத்துக்கு. கருவியை மாட்டியதும் அது ஒரு தகவல் கம்பியை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலே இழுக்கும். ‘வந்திருக்கிறேன்’ என்பதன் அடையாளம் அது. கணினி அந்தப் போர்ட்டை ஒருமுறை மீட்டமைத்து, இன்னும் பெயர் வைக்கப்படாத கருவியிடம் பூஜ்யம் என்ற முகவரியில் பேசும். நீ யார், யார் தயாரிப்பு, என்ன வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, 1 முதல் 127 வரை ஒரு எண்ணைக் கொடுக்கும். அப்புறம் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்த சிறு மென்பொருளை, டிரைவரை, ஏற்றும். ‘டுடும்’ என்று நாம் கேட்கும் சத்தத்தைச் சுற்றி இவ்வளவும் நடந்து முடிகிறது.

அதற்குப் பிறகும் கருவி தானாகப் பேசாது. வருகைப்பதிவு எடுக்கும் வாத்தியார் மாதிரி கணினிதான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும். ஸ்கேனரைச் சில மில்லி வினாடிக்கு ஒருமுறை ‘ஏதாவது உண்டா?’ என்று கேட்கும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில். டிஸ்க்குக்கு அப்படி ஒதுக்கிய நேரம் கிடையாது, மற்றவை போக மிச்சம் உள்ள நேரமெல்லாம் அதற்கு. ஆகவே பேக்கப் எவ்வளவு கனமாக ஓடினாலும் ஸ்கேனரின் முறை வந்தே தீரும். டிஸ்க் வழியை அடைத்ததால் ஸ்கேனர் நின்றது என்று ஒருவர் சொன்னார். தகவல் பக்கம் அப்படி நடக்க வாய்ப்பில்லை. மின்சாரப் பக்கம்தான் மிச்சம்.

அங்கே கணக்கு கறார். யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று தரவேண்டியது 5 வோல்டில் 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப் அதிலிருந்து 100-ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு, நாலு போர்ட்டுக்கும் தலா 100 மட்டுமே கொடுக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் கேட்கும் கருவியை இயக்காமல், ஹப்பில் மின்சாரம் போதவில்லை என்று விண்டோஸ் எச்சரிக்க வேண்டும்.

எச்சரிக்கவில்லை. ஏன்?

பொய் சொன்ன ஹப்

மைக்ரோசாஃப்டின் யுஎஸ்பி வியூ என்ற சிறு மென்பொருளில், ஒவ்வொரு கருவியும் கணினியிடம் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே படிக்கலாம். ஸ்கேனர் கேட்டது 500. டிஸ்க் 500. தராசு 98. ஹப்போ, தனக்குச் சொந்த மின்சாரம் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தது. அதன் பக்கவாட்டில் அடாப்டர் மாட்ட ஒரு சின்ன ஓட்டை உண்டு. அடாப்டர் பெட்டியிலேயே வரவில்லை. அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சுற்று அந்த மலிவான ஹப்பில் இல்லை, எப்போதும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும்படி செய்துவிட்டார்கள். கணினி அதை நம்பி, மூன்று கருவிகளையும் உள்ளே விட்டது. யுஎஸ்பியில் கருவி சொல்வதுதான் கணக்கு. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று கணினி உட்கார்ந்து அளப்பதில்லை.

பல கணினிகள் 500-க்குக் கொஞ்சம் மேலேயும் விட்டுக்கொடுக்கும். அந்தத் தாராளத்தால்தான் இத்தனை நாள் ஓடியது, கோளாறும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது.

அளந்து பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு, வோல்டும் ஆம்பியரும் காட்டும் சிறு யுஎஸ்பி மீட்டரை ஹப்புக்கும் ஸ்கேனருக்கும் நடுவே மாட்டினேன். எல்லாம் சும்மா இருக்கையில் 4.8 வோல்ட். டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கையில் 4.6. பேக்கப் இல்லாத நேரத்தில் சுழற்சியை நிறுத்தித் தூங்கும் டிஸ்க்கை எழுப்பி, அது சுழல ஆரம்பிக்கும் நொடியில் 4.3. அதே நொடியில் ஸ்கேனரின் விசையை அழுத்தினால் 4.2-க்கும் போனது. இந்த மாதிரி மீட்டர் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும். உண்மையான பள்ளம் இன்னும் ஆழமாகவே இருந்திருக்கும்.

கிராமத்தில் மோட்டார் போட்டதும் வீட்டுக் குண்டு பல்பு மங்குமே, அதேதான். நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்க, டிஸ்க்குக்கு ஓடும்போது வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு கூடத் தேவைப்படும். ஹப்பின் கேபிளும் உதவவில்லை. ஒரு மீட்டர் நீளம், 28 கேஜ் மெல்லிய கம்பி. அந்தக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம் தடை. போக ஒன்று, வர ஒன்று என்று 0.42. அதில் 1.2 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே அரை வோல்ட் காணாமல் போகிறது. சொருகிகளின் தொடுமுனைகளில் போவது தனி.

காலைப் புதிருக்கும் விடை இதில் இருக்கிறது. பத்து முறை டிஸ்க்கை எழுப்பினேன். ஸ்கேனரைத் தொடாமல் விட்டபோது ஒருமுறைதான் நின்றது. விசையை அழுத்தி அதன் விளக்கை எரியவிட்டபடி செய்தபோது பத்துக்கு ஏழு. காலையில் கூட்டம் இல்லை; டிஸ்க் எழும் நொடியில் ஸ்கேனர் அநேகமாகச் சும்மா கிடக்கும். மாலையில் விசை ஓய்வதே இல்லை. புது ஸ்கேனர் வந்து தொல்லை கூடியதற்கும் காரணம் அதுவே: லேசர் கோட்டைவிட, படம் பிடிக்கும் வகையின் வெள்ளை விளக்கும் உள்ளே இருக்கும் கேமராவும் அதிகம் இழுப்பவை. நோய்க்கு வாங்கிய மருந்தே நோயை வளர்த்துவிட்டது.

இன்னொன்று. ஸ்கேனர் செத்து எழ நாலைந்து வினாடி ஆகும். அதற்குள் பதற்றத்தில் கழற்றி மாட்டினால் மறுபடி முதலிலிருந்து. சும்மா விட்டிருந்தால் தானே வந்திருக்கும். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது யார் சும்மா விடுவார்கள்?

ஸ்கேனரைவிட மோசமான செய்தி

வோல்ட் சரிவது ஸ்கேனருக்கு மட்டும் அல்ல, எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. டிஸ்க்கைச் சோதித்தேன். கோப்பமைப்பில் பிழைகள். கடைசி வாரத்து பேக்கப்களைத் திறந்து பார்த்ததில் மூன்று திறக்கவில்லை. கடைக்காரர் அமைதியாகிவிட்டார். ஸ்கேனர் நின்றால் வரிசை நீளும், அவ்வளவுதான். கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய இரண்டு மாதம்தான் அவரை உலுக்கியது. அன்றே ஒரு நகலை வேறு டிஸ்க்கில் எடுத்தோம்.

எடுத்த முடிவுகள்

சுலபமான வழி ஒன்று இருந்தது: பேக்கப்பை இரவு கடை அடைத்த பிறகு வைத்துவிடுவது. ஸ்கேனர் நிற்காது, செலவும் இல்லை. கடைக்காரருக்கு அது பிடித்திருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறு அப்படியே இருக்கும், டிஸ்க்கும் அதே பள்ளத்தில்தான் எழுதும், யாரும் பார்க்காத நேரத்தில்.

டிஸ்க்கை ஹப்பிலிருந்து எடுத்துப் பின்புற நீலப் போர்ட்டில் நேரடியாக மாட்டினோம். அந்த நீலப் போர்ட் யுஎஸ்பி 3 வகை, 900 மில்லி ஆம்பியர் வரை தரவேண்டியது. டிஸ்க்கின் சொந்தக் கேபிளும் குட்டையானது. ஸ்கேனர், தராசு, கீபோர்டு, பிரிண்டர் நாலுக்கும் அடாப்டரோடு வரும் ஹப் ஒன்றை முன்புறப் போர்ட்டில் வைத்தோம். ‘இன்னொரு அடாப்டரா? பிளக்குக்கு இடம் எங்க?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. யுபிஎஸ் இணைப்பிலேயே இடம் பிடித்துக் கொடுத்தேன். இல்லாவிட்டால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கணினி உயிரோடு இருக்க, ஹப் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

தராசு இப்போது வேறு போர்ட்டுக்கு வந்துவிட்டதால், டிவைஸ் மேனேஜரில் பழைய எண்ணை விடுவித்து, புது இடத்துக்கே காம் 3 என்று கொடுத்தேன். அந்தப் போர்ட்டில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு, தராசின் சொருகியிலும் ஒன்று. பொட்டு பொட்டோடு சேரவேண்டும், அவ்வளவுதான். இந்த முறை கிளம்பும் முன் ஒரு கிலோ துவரம்பருப்பை வைத்துப் பார்த்தேன்.

பிறகு நடந்தவை

ஸ்கேனர் அன்றோடு நின்றுபோவதை விட்டுவிட்டது. தீபாவளி வாரம் முழுக்க பில் தாளின் பின்பக்கத்தில் ஒரு நேரமும் ஏறவில்லை.

ஆனால் இரண்டு புதுத் தொல்லைகள். மறுநாளே மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. அதன் ரிசீவர் பின்புறம், டிஸ்க்குக்குப் பக்கத்து நீலப் போர்ட்டில் இருந்தது. யுஎஸ்பி 3 தகவல் ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். வயர்லெஸ் மவுஸ்கள் பேசுவது அதே அலைவரிசையில். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை முன்புறம் காலியாக இருந்த போர்ட்டுக்கு மாற்றியதும் சரியானது. டிஸ்க்கை மாற்றிய அன்றே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இரவில் கணினியை அணைத்து, அதன் பிளக் சுவிட்சையும் நிறுத்திய பிறகு அதன் முன்விளக்கு மங்கலாக எரிந்தது. கடைக்காரர் பயந்துபோய் படம் எடுத்து அனுப்பினார். புது ஹப்பின் அடாப்டர் யுபிஎஸ்ஸில் இருந்ததால் அது மட்டும் உயிரோடு இருந்தது. அதன் 5 வோல்ட் கேபிள் வழியே பின்னோக்கிக் கணினிக்குள் கசிந்தது. நல்ல ஹப் இதைத் தடுக்கும், இது தடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்து வேறு ஒன்று வாங்கினோம். கடையில் வைத்தே, கணினிக்குப் போகும் முனையில் மீட்டரை மாட்டிப் பார்த்து, பின்னோக்கி வோல்ட் வராததை உறுதி செய்த பிறகுதான் காசு கொடுத்தது.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே எதையும் கழற்றியிருக்க மாட்டேன். எது எந்தப் போர்ட்டில், எந்தக் கருவி எப்போது வாங்கியது, தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதியிருப்பேன். டிஸ்க் வந்த தேதியும் தொல்லை ஆரம்பித்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும். பில்லிங் மேசையில் இருப்பவரிடம் கடைசியில் கேட்காமல் முதலில் கேட்டிருப்பேன். எதை மாற்றினாலும் மேசையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை இயக்கிப் பார்த்த பிறகே கடையைவிட்டு இறங்குவேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இதில் மட்டும் நான் தவறியதில்லை.

பழைய லேசர் ஸ்கேனரைச் சோதித்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. இப்போது கிட்டங்கியில் சரக்கு சரிபார்க்க வைத்திருக்கிறார்கள். அடாப்டர் இல்லாத அந்தக் கறுப்பு ஹப் என் மேசையில் இருக்கிறது, ஒரு கீபோர்டும் ஒரு மவுஸும் அதில் ஒழுங்காக ஓடுகின்றன.